'இல்லை' என்று சொல்லாத வீடு

சாதிக்,

உனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தேதான் எழுதுகிறேன். செருப்பின் அடியில் போட்டிருக்கும் ஆறு, ஏழு, எட்டு உனக்குத் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் செங்கல்பட்டு என்று எழுதியிருந்தால் தெரியும். அதற்கு மேல் எழுத்தெல்லாம் உனக்கு வெறும் கோடு. முப்பத்தோரு வயது மகனுக்கு அவன் படிக்க முடியாத கடிதத்தை எழுதுகிறவனுக்குக் கிறுக்கு என்றுதான் ஊரில் சொல்வார்கள். ஆனால் இதை நானாக ஆரம்பிக்கவில்லை. மாமல்லபுரத்தைத் தாண்டி, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறதே ஓர் இல்லம், வருகிற வெள்ளிக்கிழமை உன்னைக் கொண்டுபோய் விடப்போகிறேனே, அங்கே என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று மேலே போட்டு, கீழே பத்துக் கோடு இழுத்திருந்தார்கள். என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், கோபம் வந்தால் என்ன செய்வான். பத்துக் கோட்டில் அடங்குகிற பிள்ளையா நீ? இரண்டு கோடு எழுதியதுமே யாரிடமோ உன்னைப் பற்றிப் புகார் சொல்வதுபோல இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டுக் கடையில் இருந்த நோட்டை எடுத்து உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். அங்கே நல்ல மனசுக்காரர் யாராவது இருந்தால் உனக்குப் படித்துக் காட்டட்டும். கொஞ்சம் மெதுவாகப் படிக்கட்டும்.

ஏன் உன்னை அங்கே விடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் இதயம் பாதிதான் வேலை செய்கிறதாம். செங்கல்பட்டில் பார்த்த டாக்டர் படத்தைக் காட்டி விளக்கிவிட்டு, "மாடி ஏறாதீங்க, ஓடாதீங்க, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். உன்னை வைத்துக்கொண்டு இந்த மூன்றில் எதை நான் செய்யாமல் இருக்க முடியும் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். எனக்கு அதிக நாள் இல்லை. சாவதைப் பற்றி எனக்கு ஒன்றும் பெரிய பயமில்லை, அறுபத்தெட்டு வயதாகிறது. நான் செத்த பிறகு நீ எனக்காக எங்கேயாவது நின்றுகொண்டிருப்பாயே, உன் அம்மாவுக்காக நின்ற மாதிரி, அதை நினைத்தால்தான் பயம். போகிறவர்களில் சிலர் திரும்பி வரமாட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் உனக்குப் புரியவைத்துவிட்டால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன். எவ்வளவோ பாடுபட்டுப் பார்த்தேன். முடியவில்லை. முடியாததற்கு நீ காரணம் இல்லை, நான்தான் காரணம் என்பது இப்போதுதான் தெரிகிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

நீ பேச ஆரம்பித்ததே ஐந்து வயதுக்கு மேல்தான். முதல் சொல் அம்மாவும் இல்லை, அத்தாவும் இல்லை. பஸ். உன் அம்மா செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் போனால் சாயங்காலம் ஆறேகால் பஸ்ஸில் வந்து புதுப்பட்டினத்தில் இறங்குவாள். நம் செருப்புக்கடை பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரில் என்பதால் உன்னைக் கல்லா மேஜை மேல் உட்காரவைத்து, "அதோ பாரு பஸ்ஸு, அம்மா வந்துகினு கீறாங்க" என்று தினமும் காட்டுவேன். ஒருநாள் அவள் ஷேர் ஆட்டோவில் வந்தாள், நீ ஆட்டோவைப் பார்த்து பஸ் என்றாய். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வேலை செய்யும் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார், ஸ்கூட்டரும் பஸ் ஆகிவிட்டது. மழைக்காலத்தில் ஒருநாள் திருக்கழுக்குன்றத்திலேயே பஸ் நின்றுபோய், அவள் ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கடை நிறைய ஆட்கள். நீ கையைத் தட்டிக்கொண்டு பஸ் பஸ் என்று குதித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். "அது பாலு வண்டிடா முண்டம்" என்று உன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். நீ அழவில்லை, என் கையைத்தான் பார்த்தாய். உன் அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மற்றவர்கள் சிரித்ததற்கு உன்னை அடித்தேனே, அதற்கு மன்னிப்பு என்று ஒன்றைக் கேட்டால் உனக்கு அதுவும் புரியாது. இருந்தாலும் கேட்கிறேன்.

அப்புறம்தான் உன்னைச் செங்கல்பட்டில், உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனோம், சனிக்கிழமை தோறும். சின்ன வயசுப் பெண், ஆனால் வாயைத் திறந்தால் என்னை விடமாட்டாள். பால் வண்டிக் கதையைச் சொன்னதும் எனக்கு ஒரு திட்டு விழுந்தது. "பாய், அவன் தப்பா சொல்லவே இல்ல. அம்மாவ எது கொண்டாந்து வுடுதோ அது பஸ்ஸு. அவனா ஒரு ரூல் கட்டிகினு கீறான். ரூலே இல்லாத புள்ளைக்குத் தப்பு பண்ணக்கூடத் தெரியாது. நீங்க சந்தோஷப்படணும், அடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க" என்றாள். எனக்கு அது பளிச்சென்று உறைத்தது. ஒரு பெயரை நாம் சொல்லிக்கொடுக்கிறோம், அந்தப் பெயர் எதெதற்குப் பொருந்தும், எங்கே நிற்கும் என்பதைப் பிள்ளைதான் தானாகக் கண்டுபிடிக்கிறது. நாம் காட்டினதிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும். நாம் காட்டாததை எங்கிருந்து எடுக்கும்?

டீச்சர் மேஜை மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். சிவப்புக் கப், பச்சைக் கப், காது உடைந்த கப், கூடவே ஒரு டம்ளர், ஒரு கிண்ணம். "ஒரே ஒரு சிவப்புக் கப்பைக் காட்டிகினே இருந்தீங்கன்னா சிவப்புதான் கப்புன்னு நெனச்சிப்பான். கலரை மாத்துங்க, சைஸை மாத்துங்க, ஒடஞ்சதையும் காட்டுங்க. அதோட வுடாதீங்க, கப்பு இல்லாததையும் பக்கத்துல வெச்சி இது இல்லன்னு காட்டுங்க. அந்த இல்லதான் பாய் முக்கியம். எல்லை அங்கதான் கீது." இதைக் கேட்டுவிட்டு வந்து நான் கடையில் பள்ளிக்கூடம் நடத்தினேன். ஜோடி என்றால் என்ன என்று உனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கறுப்புச் செருப்பில் ஜோடி, பழுப்பில் ஜோடி, பெரியவர் ஷூவில் ஜோடி, பாப்பா செருப்பில் ஜோடி. இரண்டும் இடது கால், ஜோடி இல்ல. ஒன்று ஏழு, ஒன்று எட்டு, ஜோடி இல்ல. ஒருநாள் நீயாகவே சரக்குக் குவியலில் கையைவிட்டு சரியானதை எடுத்து ஒட்டிவைத்து என் முகத்தைப் பார்த்தாய். அந்த நிமிஷத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத எனக்குத் தமிழ் போதாது. அதன் பிறகு நம் கடையில் ஜோடி மாறிப்போனதே கிடையாது. வேலைக்கு ஆள் வைத்திருந்த கடைகளில்கூட மாறியது.

நான் கெட்டிக்காரன் என்று மார்தட்டிக்கொண்டேன், சாதிக். செருப்பில் 'இல்ல' சொல்லிக்கொடுத்த நான், மற்ற எதிலும் அதைச் சொல்லவில்லை. நம் வீட்டை யோசித்துப் பார். உன் அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வரவே வராது. டப்பா காலியாக இருந்தாலும் உப்பு இல்லை என்று சொல்லமாட்டாள், "உப்பு வாங்கணும்" என்பாள். இல்லை என்று சொன்னால் வீட்டின் பரக்கத், அல்லாஹ் கொடுத்த செழிப்பு, போய்விடும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்தது. கடையிலும் அதேதான். கேட்கிற அளவு நம்மிடம் வராது, கம்பெனியே நிறுத்திவிட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய் கூசாமல் "நாளைக்கு வரும்" என்றுதான் சொல்வேன். எந்த வியாபாரியும் அப்படித்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது போறேன் என்று சொல்கிறார்களா? போய்ட்டு வரேன் என்றுதான் சொல்லவேண்டும். உன் அக்கா ஸ்கூலுக்குப் போகும்போது அவசரத்தில் போறேன் என்றால் உன் அம்மா தெரு வரை ஓடி அவளை நிறுத்திச் சரியாகச் சொல்லவைத்து அனுப்புவாள். நீ அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாய். கடைசியில் வாசலில் போலீஸ்காரன் வேலையை நீ எடுத்துக்கொண்டாய். வந்த விருந்தாளி அந்த இரண்டு சொல்லைச் சொல்லாமல் செருப்பைப் போட முடியாது. "போய்ட்டு வரேன் சொல்லு, போய்ட்டு வரேன் சொல்லு" என்று மறித்துக்கொண்டு நிற்பாய். எல்லோரும் உன்னைக் கொஞ்சினார்கள். மரியாதை தெரிந்த பிள்ளை என்றார்கள்.

கடையிலும் உன்னை வைத்து ஒரே தமாஷ்தான். யார் எதைக் கேட்டாலும் நீ "நாளைக்கு வரும்" என்பாய். ஒன்பதாம் நம்பர் கேட்டாலும் நாளைக்கு வரும், பக்கத்துக் கடையில் கரன்ட் எப்ப வரும் என்று கேட்டாலும் நாளைக்கு வரும். பெண் கிடைக்காமல் அலைந்த லாரி டிரைவர் ஒருத்தர், "தம்பி, எனக்குப் பொண்டாட்டி?" என்று கேட்பார். நீ கொஞ்சமும் யோசிக்காமல் நாளைக்கு வரும் என்பாய், கடையே சிரிக்கும், நானும் சிரிப்பேன். நீ எங்களிடமிருந்து என்ன கற்றுக்கொண்டிருந்தாய் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இப்போது இல்லாததெல்லாம் பிறகு வருவதுதான். போவதெல்லாம் வருவதற்காகத்தான். நாங்கள் காட்டின உதாரணம் எல்லாம் அப்படியே இருந்தது. இது வராது என்று காட்டும் உதாரணத்தை உன் கண் முன்னால் நாங்கள் ஒன்றுகூட வைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை உன் அம்மா வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். நான் செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மதியம் வேனில் கொண்டுவந்தோம். வீடு நிறைய ஜனம். நீ மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். சொந்தக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அவன் பார்த்தா கத்துவான், அனுப்பிடு" என்றார்கள். எனக்கும் அன்றைக்குத் தெம்பு இல்லை. பின்பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு உன் கையில் போனைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அம்மாவைக் குளிப்பாட்டியதை நீ பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பெற்ற ஒரே மகன் மையவாடிக்கு வரவில்லை, மூன்று பிடி மண் போடவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அந்த உதாரணம் கிடைக்கும், அதை உன் கண்ணிலிருந்து மறைத்தவன் நான்தான். ஆறு மணிக்கு நீ வந்தாய். அம்மா எங்கே என்றாய். அழுதுகொண்டிருந்த பெண்கள், "அம்மா போய்ட்டாங்கப்பா" என்றார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான், "வருவாங்கடா" என்றேன். உடனே நீ செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாய்.

அன்றிலிருந்து தினமும் போனாய். ஆறேகால் பஸ் வரும், எல்லோரும் இறங்கும் வரை நிற்பாய், பஸ் புறப்பட்டதும் திரும்பி வந்து, "நாளைக்கு வரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவாய். ஒருநாள் கொட்டுகிற மழை. கண்டக்டர் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து கடையில் தலையை நீட்டினார். "இன்னா பாய், இந்த மழையில புள்ள நின்னுகினு கீது. யாருக்கோசரம் நிக்குது?" உன்னிடம் கொடுக்கச் சொல்லி ஒரு குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லாதது. நீ அழாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அதுமட்டுமல்ல, பஸ் வந்து நின்றால் நானும் வாடிக்கையாளரை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். எனக்கு எல்லாம் தெரியும், நானே மண் போட்டவன், ஆனாலும் பார்ப்பேன். உன்னை மட்டும் புரியாதவன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

டாக்டர் என் இதயத்தைப் பற்றிச் சொன்ன பிறகுதான் பதறிப்போய் டீச்சரைத் தேடிக்கொண்டு போனேன். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியறதைக் காட்டுங்க பாய். உயிர் இருக்கறது, உயிர் இல்லாதது, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சிக் காட்டுங்க. நிதானமா போங்க" என்றாள். எனக்கு எங்கே நிதானம்? மறுநாளே உன்னைச் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். மணலில் ஓடுகிற நண்டைக் காட்டினேன், "இது நடக்குது." ஒரு செத்த கானாங்கத்தை மீனை எடுத்து உன் கையில் கொடுத்தேன், "இது செத்துப்போச்சு. நீந்தாது. இனிமே வராது." நீ அதைத் தடவிப் பார்த்தாய். நான் அதை வாங்கிக் கடலில் வீசினேன். "போச்சு பார்த்தியா. வராது." இரண்டு பேரும் நின்றோம். நாலாவது அலை அந்த மீனைக் கொண்டுவந்து உன் காலடியில் போட்டது. நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "வந்துச்சு அத்தா! வந்துச்சு!" வலைக்காரர்களும் சிரித்தார்கள். நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடலும் நம் வீட்டு ஆள்போல இல்லை என்று சொல்ல மறுத்துவிட்டது.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அடுத்த வாரம் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு உன்னை மையவாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவின் கபரைக் காட்டினேன். "அம்மா இங்கதான் இருக்காங்க. மண்ணுக்குள்ள. வரமாட்டாங்க" என்றேன். நீ முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாய். அம்மா இங்கே இருக்கிறாள். இருந்தால் எடுக்கவேண்டியதுதானே? உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தாய். உன் தோளைப் பிடித்து இழுக்க எனக்குப் பலம் இல்லை. தொழுதுவிட்டு வந்தவர்கள் ஓடிவந்து உன்னைத் தூக்கினார்கள். "இன்னா பாய் இது, கூட்டியாந்து இப்படியா பண்ணுவ" என்று ஒருவர் சத்தம் போட்டார். உன் நகக்கண்ணிலெல்லாம் மண். அழுதுகொண்டே, "அம்மா உள்ள, அம்மா உள்ள" என்றாய். இரண்டு வருஷத்தில் நீ அழுதது அன்றைக்குத்தான்.

நான் செய்த வேலையின் பலன் என்ன தெரியுமா? நீ பஸ் ஸ்டாப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாய். அதற்குப் பதிலாக, நான் கொஞ்சம் கண் அசந்தால் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு மையவாடிக்கு ஓடினாய். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதாவது உன்னைச் சுற்றித் தெரிந்த முகங்கள் இருந்தன. மூன்றாவது தடவை உன் பின்னால் ஓடியபோது மெயின் ரோட்டில் விழுந்தேன். பிள்ளையை மையவாடிப் பக்கம் விடாதீர்கள் என்று ஜமாத்தில் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள், ஆனால் சொல்லிவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து உன் அக்கா வந்தாள். அவள் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை, இரண்டு குழந்தை, மூன்றாவது மாடி. "அத்தா, நான் இன்னா பண்ணட்டும் சொல்லுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவளும் நம் வீட்டில் வளர்ந்தவள்தானே, அந்தச் சொல் வாயில் வராது. அந்த இல்லத்தைத் தேடிப் பிடித்தது அவள்தான். அவளைக் குறை சொல்லாதே. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

இது வரை எழுதி வைத்திருந்தேன். உன்னை விடும்போது கொடுக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டும் வந்தேன். கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பது நாள் ஆகிவிட்டது. மீதியை இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்கு வாசலில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இருக்கக்கூடாது என்று ஆசைப்படுகிறேன். அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நாற்பது நாள் வராதீங்க, அவன் பழகணும். போகும்போது வரேன்னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா பகலெல்லாம் கேட்டுலதான் நிப்பான், நாங்க நிறைய பார்த்துட்டோம்." நியாயமான பேச்சுதான். நான் உன்னிடம் வந்து, "அத்தா வூட்டுக்குப் போறேன். நீ இங்க இருப்ப" என்றேன். பொய் கலக்காமல் உன்னிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நீ கேட்டில் குறுக்கே நின்றாய். "போய்ட்டு வரேன் சொல்லு." நான் சொல்லவில்லை. "சொல்லு அத்தா." சொல்லவில்லை. என் சட்டையைப் பிடித்த உன் விரல்களை அங்கே இருந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். ஆட்டோவில் ஏறும் வரை உன் குரல் கேட்டது. பிறகு ஆட்டோ சத்தத்தில் கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் என்றால் நம்மில் அது செத்தவர்களுக்கு ஓதுகிற நாள், உனக்குத் தெரியாது. நேற்று அந்த நாளில்தான் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். பொறுப்பில் இருக்கும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "ஆரம்பத்துல பத்து நாள் கேட்டுலதான் நின்னான். எல்லாரும் 'அத்தா இல்ல, வா சாப்பிடலாம்' 'அத்தா இல்ல, வா குளிக்கலாம்'னு சொல்லிச் சொல்லி இப்ப ரொம்ப சமத்து. யாரையும் தேடறதில்ல. அம்மா எங்கன்னு கேட்டாகூட இல்லன்னு சொல்றான்" என்றார். அங்கே எல்லோரும் தாராளமாக இல்லை சொல்கிறவர்கள். டிவி இல்ல, இன்னைக்கு முட்டை இல்ல, வெளியே போறது இல்ல. சமையல்காரர் சொல்கிறார், காவலாளி சொல்கிறார், ஆயா சொல்கிறார். ஆள் மாறுகிறது, பொருள் மாறுகிறது, அந்தச் சொல் மட்டும் மாறவில்லை. டீச்சர் கூடையைக் கவிழ்த்துக் காட்டியது இதைத்தான். நான் முப்பது வருஷத்தில் கொடுக்காததை அவர்கள் நாற்பது நாளில் கொடுத்துவிட்டார்கள்.

நீ வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். இளைத்திருந்தாய், ஆனால் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்தேன். என்னை நன்றாகப் பார்த்தாய். "சாதிக், அத்தா வந்துகீறேன்டா" என்றேன். நீ தலையை ஆட்டி, "அத்தா இல்ல" என்றாய். கோபம் இல்லை, விளையாட்டு இல்லை. கடையில் ஒரு செருப்பை இது ஜோடி இல்ல என்று தள்ளிவைக்கும்போது எப்படிச் சொல்வாயோ அப்படி. "இதோ இருக்கேன், தொட்டுப் பாரு" என்று உன் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். தாடியைத் தடவிப் பார்த்தாய். மறுபடியும், "அத்தா இல்ல. அம்மா இல்ல" என்றாய். பன்னைக் கொடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டாய், எனக்குக் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தாய். அந்த வழியாக ஆயா போனார். அவரைக் கூப்பிட்டு என்னைக் காட்டிச் சொன்னாய்: "பாய் வந்துகீறாரு."

கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கூப்பிடும் பெயர். என் முகம், என் தாடி, என் சட்டை, என் பன், எல்லாம் உனக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டாய். போய்ட்டு வரேன் என்று சொல்லாமல் போனவர் அத்தா. அவர் முடிந்துவிட்டார். இவர் பாய். நீ கட்டின ரூலில் ஓட்டையே இல்லை, சாதிக். வரும் வழியில் மாமல்லபுரத்தில் பஸ் மாறவேண்டும், நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டியது. அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் செய்தேன். "திருத்திடலாம் பாய். நீங்க வாராவாரம் போங்க, போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு வாங்க, சொன்ன மாதிரி திரும்பப் போங்க. ஆறு மாசத்துல திரும்ப உங்களை அத்தான்னு கூப்பிடுவான்" என்றாள். நான் யோசித்தேன். ஆறு மாசம் எனக்கு இருக்கிறதோ என்னவோ. இருந்தால் நீ என்னை அத்தா என்பாய். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன், நீ மறுபடியும் கேட்டுக்குப் போவாய், மறுபடியும் உன் விரல்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். என்னை ஒரு தடவை அடக்கம் பண்ணிவிட்டாய். பத்து நாள் நின்று, யார் துணையும் இல்லாமல் நீயே செய்து முடித்தாய். அதே வேலையை இன்னொரு தடவை உன்னைச் செய்யவைக்க எனக்கு மனசு வரவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தது இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்.

அதனால் டீச்சர் சொன்னதைச் செய்யப்போவதில்லை. முடிகிறவரை வெள்ளிக்கிழமை தோறும் வருகிறேன், பன் வாங்கிக்கொண்டு. உன்னோடு உட்கார்ந்திருப்பேன். உன்னைத் திருத்தமாட்டேன். ஒரு வாரம் பாய் வராமல் போனால் யாரும் கேட்டில் போய் நிற்பதில்லை. இந்தக் கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டச் சொல்லி ஆரம்பித்தேன். வேண்டாம், யாரும் படித்துக் காட்டவேண்டாம். அந்தப் பத்துக் கோட்டுத் தாளோடு சேர்த்து ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும். உனக்கு ராத்திரி மாத்திரை ஒன்று, மறக்காமல் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
புதுப்பட்டினம் செருப்புக்கடை பாய்